துபாஷிக்கு ஒரு சாட்சி

தி.நகர், சென்னை-17
26-12-1977

கல்யாணராமன் சாருக்கு,

சுந்தரவல்லி எழுதுகிறேன். கவரின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது நலமா என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜஹீதாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் நிலையத்துக் கணக்குகளையெல்லாம் இயந்திரம் படிக்கும்படி கார்டில் பஞ்ச் செய்து தந்தவள், உங்களுக்குத் தெரியாதவள் இல்லை. ஜனவரி 23ஆம் தேதி விசாரணைக் குழு கூடுகிறது. அன்று அவளை நீக்கப் போகிறார்கள். 'கார்டை மாற்றி ஏமாற்றியவள்' என்று எழுதி நீக்கினால் இந்த ஊரில் எந்த ஆபீஸும் அவளை உள்ளே விடாது.

நடந்தது இதுதான். நவம்பர் 17, அந்தப் பெருமழையில், வேளச்சேரிக்கு அப்பால் இருக்கிற ஏரி சாயங்காலத்துக்குள் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டோம். 11.6 அடி என்று வந்தது. கரை 13 அடி தாங்கும். மதகைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். தண்ணீர் 14 அடியைத் தாண்டியது. கரையோரம் இருபத்திரண்டு குடிசைகள் போயின. வெளிச்சம் இருக்கும்போதே கரை உடைந்ததால் ஜனங்கள் தப்பித்தார்கள். அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

மறுநாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, அதே கார்டுக் கட்டைச் சாட்சியை இணைத்து ஓட்டச் சொன்னார். ஆமாம், தப்பைப் பிடிக்க நான் எழுதிய, நீங்கள் வெறுக்கும் டீபக்கர்தான். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வைத்தேன். எல்லா வரியும் சரி. கடைசியில் 14.2 என்று வந்தது.

குழு என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? இயந்திரம் சரி, நீங்கள் எழுதிய துபாஷி சரி, கணக்கு சரி. ஆகவே முந்தின நாள் கார்டு தப்பாக இருந்திருக்கிறது, வெள்ளம் வந்ததும் இந்தப் பெண் பயந்துபோய்த் தப்புக் கார்டை உருவிவிட்டுச் சரியானதைச் செருகியிருக்கிறாள். சாட்சி கொடுத்த காகிதத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் அவளைப் பிடித்திருக்கிறார்கள்.

ஜஹீதா மாற்றவில்லை என்கிறாள். நான் நம்புகிறேன். அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். துபாஷிக்குள் போய்ப் பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை. நீங்கள் அதை எழுதி வைத்த நீல நோட்டு இல்லாமல் எனக்குப் பாதிதான் புரிகிறது. உதவுங்கள்.

சுந்தரவல்லி


தெற்கு மாட வீதி, மயிலாப்பூர், சென்னை-4
28-12-1977

செல்வி சுந்தரவல்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஜஹீதாவுக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன்.

சில விஷயங்களை நினைவுபடுத்துவது என் கடமை. நாம் எழுதும் கட்டளைகளை வரிவரியாகப் படித்து, இயந்திரத்துக்குப் புரியும்படி சொல்லி, அப்போதைக்கப்போதே செய்ய வைக்கும் ஓர் இண்டர்பிரட்டரை நான் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளைக்காரனுக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேசிய பழைய மதராஸ் துபாஷிகளின் பெயரை அதற்கு வைத்தவர் தாங்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சாட்சியை நிறுத்த வேண்டும் என்று தாங்கள் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் துபாஷி நின்று, 'இதைத்தான் செய்யப் போகிறேன், பார்த்துக்கொள்' என்று இன்னொருவரிடம் காட்ட வேண்டுமானால், அதன் வயிற்றைக் கிழித்து வாசல் வைக்க வேண்டும். அதைச் செய்வதானால் நான்தான் செய்திருக்க வேண்டும். நான் என் தகப்பனார் திவசத்துக்காக லீவில் இருந்த இரண்டு நாளில், டைரக்டரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு தாங்கள் அதைச் செய்தீர்கள். நான் ராஜினாமா செய்தேன். அந்தக் கட்டடத்துக்குள் இனி கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் மாற்றமில்லை.

துபாஷியில் தவறு இருக்க வாய்ப்பில்லை. சந்தேகமிருந்தால் சாட்சியைக் கழற்றிவிட்டு அதே கார்டுகளை ஓட்டிப் பார்க்கலாமே. இந்தச் சிறு யோசனைக்கு என் நோட்டு தேவைப்படாது.

இங்ஙனம்,
சி. கல்யாணராமன்


தி.நகர்
30-12-1977

கல்யாணராமன் சாருக்கு,

'தாங்கள்' என்று படித்ததும் யாரோ தாசில்தாருக்குப் போக வேண்டிய கடிதம் எனக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அந்தச் சிறு யோசனை எனக்கும் தோன்றியது. கார்டுக் கட்டைத் தகரப் பெட்டியில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். இப்போது அது தடயம். கார்டில் இருந்ததையெல்லாம் அச்சடித்த காகிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துப் புதிதாகக் கார்டு பஞ்ச் செய்துகொள்ளலாம். ஆனால் இயந்திரத்தில் எனக்கு நேரம் தரமாட்டேன் என்கிறார்கள். பஞ்ச் ரூமில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

லீவு நாளில் செய்தது தப்பு. திவச நாள் என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் திரும்பி வந்த அன்று, பதினோரு பேர் இருந்த ரூமில், 'கடை வீட்டுப் பெண்ணுக்குக் கல்லாவில் உட்கார்ந்து எல்லார் கையையும் கவனித்துத்தான் பழக்கம்' என்று சொன்னீர்கள். அது என் அப்பாவின் தொழில். உஸ்மான் ரோட்டில் நாற்பது வருடமாக மரியாதையாகத் துணி விற்கிறார். நான் அதை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இருந்தும் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால் அது ஜஹீதாவுக்காக.

நிலையத்துக்கு வர வேண்டாம். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

சுந்தரவல்லி


மயிலாப்பூர்
4-1-1978

செல்வி சுந்தரவல்லிக்கு,

நான்கு நாள் வேறு எதுவும் செய்யவில்லை. டுடோரியல் வகுப்புகளைக்கூட ரத்து செய்துவிட்டேன். கூடத்தில் காகிதங்களைப் பரப்பி, நானே துபாஷியாக உட்கார்ந்து, அந்த ஏரிக் கணக்கை வரிவரியாகக் கையால் ஓட்டினேன். நோட்டில் இருக்கும் கட்டளைப்படி, இயந்திரம் எதை எந்த வரிசையில் செய்யுமோ அதையேதான் செய்தேன். நடுவில் எங்கள் அக்கா அபயாம்பாள் சாப்பிடக் கூப்பிட்டபோதுகூட, எந்த வரியில் நிற்கிறேன் என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விடை 14.2. பதினொரு தாளும் இத்துடன் இருக்கின்றன. எங்கும் தவறில்லை.

வருத்தத்துடன் எழுதுகிறேன். துபாஷி 14.2 என்கிறது, உங்கள் சாட்சி 14.2 என்கிறது, நானும் 14.2 என்கிறேன். மூன்று பேர் ஒன்றைச் சொல்லும்போது, கார்டு மாற்றப்பட்டது என்பதைத் தவிர வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? பயத்தில் செய்திருப்பாள். குடும்ப கஷ்டம் இருக்கலாம். தண்டனையைக் குறைக்கும்படி டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.

அந்தக் கடை வீட்டுப் பேச்சு எனக்கும் நினைவிருக்கிறது. அதைப் பற்றி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

சி. கல்யாணராமன்


தி.நகர்
8-1-1978, ஞாயிறு

கல்யாணராமன் சாருக்கு,

உங்கள் கருணைக் கடிதம் வேண்டாம். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையைக் குறைத்து என்ன பிரயோஜனம்?

பதினொரு தாளையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "என்ன ஏட்டி, அந்த மயிலாப்பூர்க்காரர் உனக்குப் பரீட்சை வெக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பரீட்சைதான். உங்களுக்கு.

முதல் தாளின் தலைப்பைப் பாருங்கள். ஆறு கட்டம் வரைந்திருக்கிறீர்கள். துபாஷி வேலை செய்யும்போது நடுவில் வரும் எண்களை வைத்துக்கொள்ளும் ஆறு இடங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொன்றிலும் அழகாகப் பூஜ்யம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பூஜ்யத்தை எழுதச் சொன்னது உங்கள் துபாஷியின் எந்த வரி? துபாஷியை அச்சடித்த காகிதத்தில் நான் தேடினேன். முதல் ஐந்து கட்டங்களைத் துடைக்க ஐந்து வரிகள் இருக்கின்றன. ஆறாவதைத் துடைக்க வரியே இல்லை. கூட்டல்களைச் சேர்த்துக்கொண்டே போகும் கட்டம் அது. காலியாகத்தான் இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டுவிட்டீர்கள். இயந்திரம் அப்படி நினைத்துக்கொள்ளாது. முந்தின ஆள் எதை விட்டுவிட்டுப் போனானோ அதிலிருந்துதான் கூட்ட ஆரம்பிக்கும்.

இப்போது என் வெட்கக்கேடு. சாட்சியை இணைத்தபோது எனக்கு இடம் போதவில்லை. முதல் வரி தொடங்குவதற்கு முன், துபாஷியும் சாட்சியும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரே ஒரு கட்டம் தேவைப்பட்டது. உங்களுடைய அந்த ஆறாவது கட்டத்தை இரவல் வாங்கினேன். காரியம் முடிந்ததும் துடைத்துத் திருப்பி வைத்தேன். எங்கள் கடையில் அப்படித்தான் பழக்கம். புடவை விரித்துக் காட்டிய மேஜையை மடித்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் விட வேண்டும்.

அதனால் சாட்சி கூட இருந்தால் அந்தக் கட்டம் சுத்தம். இல்லாவிட்டால் அழுக்கு. நான் பார்க்கும்போதெல்லாம் கணக்கு சரியாக வரும், பார்க்காதபோது தப்பும். தப்பைப் பிடிக்க வைத்த சாட்சியே தப்பை மறைத்துவிட்டது. அதைக் காட்டித்தான் ஒரு பெண்ணைத் திருடி என்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் வீட்டில் இலை போடும் இடத்தை யார் துடைக்கிறார்கள்? என்றைக்காவது நீங்கள் வந்து உட்கார்ந்தபோது அந்த இடம் துடைக்காமல் இருந்திருக்கிறதா?

சுந்தரவல்லி


மயிலாப்பூர்
12-1-1978

சுந்தரவல்லிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு நீல நோட்டை எடுத்து வரிகளை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். மூன்று வருடம் இரவு பகலாகத் தெரிந்த நோட்டு. அதில் ஒரு வரி இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

அக்காவிடம் கேட்டேன். எந்த முன்னுரையும் இல்லாமல், "நான் உட்கார்ற இடத்தை யார் துடைக்கறா?" என்றேன். அவள் கையில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். "நான் இந்தாத்துக்குத் திரும்பி வந்து பத்தொன்பது வருஷம் ஆறது. இன்னிக்குத்தான் அது உன் கண்ணுல பட்டுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கணவர் போன பின் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அன்று சாப்பிடும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. காலையில் இயந்திரத்தை எழுப்பும்போது நினைவகம் முழுவதும் தானாகச் சுத்தமாகிவிடும். ஏரிக் கணக்குதான் எப்போதும் முதல் வேலை, எட்டு மணிக்கு. முதலில் ஓடுகிற கணக்குக்கு அந்தக் கட்டம் பூஜ்யமாகத்தான் இருக்கும். மற்ற கணக்குகள் அதில் தங்கள் தொடக்க எண்ணைத் தாமே எழுதிக்கொள்கின்றன. அதனால்தான் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. நவம்பர் 17ஆம் தேதி அதற்கு முன்னால் வேறொரு கணக்கு ஓடியிருந்தால் மட்டுமே 11.6 வர முடியும். என்னென்ன கணக்கு ஓடியது என்று நிலையத்து ரிஜிஸ்டரில் இருக்கும். எது முதலில், எது பிறகு என்று அதில் எழுதுவதில்லை. எழுத வேண்டியதில்லை என்று அந்த ரிஜிஸ்டருக்குக் கட்டம் போட்டுத் தந்தவனும் நான்தான்.

அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

கல்யாணராமன்


தி.நகர்
17-1-1978

கல்யாணராமன் சாருக்கு,

வழி இருந்தது. மீர்சாகிப்பேட்டையில், ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற வீட்டில் இருந்தது.

ஜஹீதாவைப் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா கதவைத் திறந்து, நான் யார் என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொண்டார். அன்று உன் கட்டுக்கு முன்னால் வேறு யாருடையதாவது ஓடியதா என்று கேட்டேன். ஜஹீதா உடனே பதில் சொன்னாள். மண் பரிசோதனைப் பிரிவு கனகராஜ், அவசரம் என்று கெஞ்சித் தன் கட்டை முதலில் வைத்துவிட்டாராம். ஏரிக் கட்டு இரண்டாவது. அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். கார்டுகள் கலந்துவிடக் கூடாது என்று ஆறு வருடமாக, ஒவ்வொரு நாளும் எந்தக் கட்டுக்குப் பின் எந்தக் கட்டு என்று அவளாகவே எழுதி வந்திருக்கிறாள். யாரும் எழுதச் சொன்னதில்லை. நவம்பர் 17ஆம் தேதிப் பக்கத்தைக் காட்டினாள்.

இதை ஏன் குழுவிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூணு தபா கூப்ட்டாங்க. கார்ட மாத்தினியா, கார்ட மாத்தினியான்னு அதையேதான் கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்களும்தான் அங்க குந்திக்கினு இருந்தீங்க."

அங்கேதான் இருந்தேன். கேட்கவில்லை. இயந்திரத்தின் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி விசாரித்தவள், எதிரில் நின்றவளை ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏரிக் கட்டைத் திரும்ப நானே பஞ்ச் செய்தேன். என் கை வேகத்துக்கு ஒரு முழு நாள் ஆயிற்று, ஜஹீதா ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாள். பொங்கலன்று மற்றவர்களுக்கெல்லாம் லீவு கிடைக்கட்டும் என்று இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் வலியுல்லா பாய் வழக்கம்போல் டியூட்டி வாங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாவியை எடுத்து நீட்டி, "ஓட்டும்மா, கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். அப்படிச் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. கனகராஜிடம் வாங்கி வந்த மண் கணக்கை முதலில் ஓட்டினோம். அது அந்தக் கட்டத்தில் ஒரு கழித்தல் எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. பிறகு ஏரிக் கணக்கை, சாட்சி இல்லாமல் ஓட்டினோம்.

11.6.

காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுக்கும்போது வலியுல்லா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று கேட்காதீர்கள்.

23ஆம் தேதி திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் குழு கூடுகிறது. நான் மட்டும் போய்ச் சொன்னால் போதாது. எல்லா வரியும் சரி என்ற சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவளே இப்போது மாற்றிச் சொல்கிறாள், தோழிக்காகச் சொல்கிறாள் என்பார்கள். துபாஷியை எழுதியவர் வந்து, தவறு துபாஷியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வாருங்கள். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவை கால் வையுங்கள்.

சுந்தரவல்லி


மயிலாப்பூர்
19-1-1978

சுந்தரவல்லிக்கு,

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெங்களூரில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரி ஒன்றாம் தேதி சேர வேண்டும். துபாஷியை அங்கே கொண்டுபோய் மாணவர்களுக்குக் கற்றுத் தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. டுடோரியலில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொண்டு அக்காவையும் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவேன்? இருபத்திரண்டு குடிசைகளை அடித்துக்கொண்டு போன துபாஷி என்று எழுத்தில் ஏறிவிட்டால் யார் அதைத் தொடுவார்கள்?

ஒரு யோசனை. இயந்திரத்தின் நினைவகத்தில் பழுது என்று சொல்ல முடியாதா? முழுப் பொய் ஆகாது, நினைவகத்தில் கிடந்த எண்தானே காரணம். ஜஹீதாவும் தப்பிப்பாள், யார் பெயரும் கெடாது.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். கிழிக்க வேண்டும் போலிருக்கிறது. கிழிக்காமலே அனுப்புகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும்.

திங்கட்கிழமை வரப் பார்க்கிறேன்.

கல்யாணராமன்


தி.நகர்
23-1-1978

கல்யாணராமன் சாருக்கு,

எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நீங்கள் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை. கக்கத்தில் நீல நோட்டு. பத்தே கால். வந்துவிட்டார் என்று ஜஹீதாவிடம் சொன்னேன். நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது. அது போன பிறகு நீங்கள் அங்கே இல்லை.

நினைவகத்தில் பழுது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்தது வலியுல்லா பாயின் தலை உருண்டிருக்கும், இயந்திரத்தைப் பராமரிப்பவர் அவர்தானே. யார் பெயரும் கெடாது என்று எழுதினீர்கள். அவர் பெயர் உங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

உள்ளதைச் சொன்னேன். என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நான் நினைத்த மாதிரியே, பெண்ணுக்குப் பெண் பரிந்து பேசுவது இயற்கை என்று ஒருவர் சிரித்தார். துபாஷி எழுதியவர் தன் வாயால் சொன்னால் கேட்கிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று 30ஆம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் தரமாட்டார்கள்.

காலையிலிருந்து மாலை வரை ஜஹீதா வராந்தா பெஞ்சில் தன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "அவரு வந்தாரா, இல்ல சும்மா சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

நான் இனி எழுத மாட்டேன்.

சுந்தரவல்லி


மயிலாப்பூர்
31-1-1978

சுந்தரவல்லிக்கு,

தவறு துபாஷியில்தான் என்று நேற்று குழுவின் முன் நான் சொன்னதும் அதன் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும், நீ அங்கே இருந்தாய். பழையபடி 'நீ' என்று எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் சொல்.

நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு முதலில் பதில். 23ஆம் தேதி அந்த பஸ்ஸில் ஏறி மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். வீட்டில் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போன காரியம் ஆச்சா?" என்றாள். ஆகவில்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் போய் உட்காரப் போனேன். "இரு, அங்க இன்னும் ஈரம் காயலை" என்றாள். அந்த ஈரத் தரைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கே பெங்களூருக்கு நடந்ததையெல்லாம் எழுதித் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. நாளை ஒன்றாம் தேதி.

நேற்று நீ வலியுல்லாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் சொல்லாமல் கிளம்பினேன். ஜஹீதாவைத் திரும்ப வேலையில் சேர்க்கும் உத்தரவை அவள் கையில் கொடுக்கும்போது குழுவிலிருந்து ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. பிறகுதான் நானும் ஒன்றும் சொல்லாமல் நிற்பது உறைத்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தே போனேன். உன் கடிதத்தில் இருந்த அடையாளம் போதுமாக இருந்தது.

அவள் அம்மா நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. தவறு என்னுடையது, உன்னை இரண்டு மாதத்துக்கு மேல் திருடியாக நிறுத்தியது நான் எழுதாமல் விட்ட ஒரு வரி, போன வாரம் பயந்து ஓடியவனும் நான்தான் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும், அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள். நவம்பர் 17ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்துப் பேனாவையும் நீட்டினாள். "கமிட்டிக்கு எழுதினது கமிட்டிக்கு சார். இதுல எனக்கு எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

'இந்த நாளின் தவறு என்னுடையது. ஜஹீதா எந்தக் கார்டையும் மாற்றவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைத் தன் அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டி, அவர்கள் மொழியிலும் சொன்னாள். அம்மா அழுதார். ஜஹீதா அழவில்லை.

கடை வீட்டுப் பேச்சைப் பற்றி எழுத வரவில்லை என்று சொன்னேன். இப்போது எழுதுகிறேன். அது கீழ்த்தரமான பேச்சு. உன்னையும் உன் அப்பாவையும் அவமானப்படுத்தவே சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து உன் அப்பாவிடம் நேரில் சொல்வேன். நீ அன்று கடையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நோட்டை மூடும் முன், என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறாள். அது எதற்கு என்று கேட்டேன். "அது சுந்தரவல்லி அக்காவுக்கு" என்றாள்.

கல்யாணராமன்